வழிநூலாய் வந்த விளையாட்டுகள்

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கருணாபுரம் என்று வெளியூரில் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் இந்த வட்டாரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நாட்களோடு சேர்த்துத்தான் நாடு நம் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறது. அந்தத் துக்கம் நம்முடையது, அதை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இந்தத் தெருக்களுக்கு அந்த ஒரு நினைவுதான் சொந்தம் என்று வெளியார் முடிவுகட்டுவதையும் நாம் ஏற்கத் தேவையில்லை. இங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள், போகாமல் ஏமாற்றினார்கள், விளையாடினார்கள். அப்படி ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். டிவியில் ஒயரைச் சொருகி ஆடினோமே, அந்த வீடியோ கேம்.

‘இதெல்லாம் ஒரு சொற்பொழிவுக்கான பொருளா?’ என்று சிலர் நினைக்கலாம். முதலில் விஷயத்தைச் சொல்கிறேன், தீர்ப்பைக் கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

காசு இயந்திரமும் வீட்டுப் பெட்டியும்

1970-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கடைத்தெருக்களில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி வந்து நின்றது. மேலே திரை, நடுவில் கைப்பிடி, கீழே காசு போடும் துளை. ஆர்கேட் இயந்திரம் என்பது இதைத்தான். 1978-இல் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தார். 1979-இல் நாம்கோவின் ‘கேலக்ஸியன்’ வந்தது. 1980-இல் அதே நாம்கோவில் டோரு இவாடானி ‘பேக்-மேன்’ செய்தார். 1981-இல் நின்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோ ‘டான்கி காங்’ செய்தார். ஒரு காசுக்குச் சில நிமிடம், அதற்குள் ஆள் செத்துவிட வேண்டும், மறுபடியும் பைக்குள் கை போக வேண்டும். கடைக்காரரின் வருமானத்தைக் கணக்கிட்டுச் செதுக்கிய ஆட்டங்கள் அவை.

அதே ஆண்டுகளில் வீட்டுக் கணினிகளும் வரத் தொடங்கின. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ வெளிவந்தது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. இன்று நீங்கள் கைபேசியில் அனுப்பும் ஒரு ‘குட் மார்னிங்’ படம்கூட அந்த 48 கிலோபைட்டுக்குள் அடங்காது. விசைகள் ரப்பர். திரைக்கு வீட்டு டிவி. ஆட்டம் இருப்பது சாதாரண ஆடியோ கேசட்டில். டேப் ரெக்கார்டரை இணைத்து ஓடவிட்டால் கீச்சென்று கத்தும், திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். நாலைந்து நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெட் கொஞ்சம் விலகியிருந்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து வா. பாட்டு கேசட் இழுத்தபோது ஸ்குரூ டிரைவரால் ஹெட்டைத் திருகிய தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பெட்டிகளை வாங்கிய பெற்றோர் பிள்ளை கணக்குப் படிப்பான் என்று நினைத்தார்கள். பிள்ளைக்கு வேண்டியது கடைத்தெரு இயந்திரத்தில் பார்த்த அந்த ஆட்டம். அதனால் ஒரு புதுத்தொழில் பிறந்தது. காசு இயந்திரத்தின் ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றி எழுதும் தொழில் அது. அப்படி எழுதியதை ‘போர்ட்’ என்பார்கள். நான் வீட்டுப் பதிப்பு என்றே சொல்கிறேன்.

எதை விடுவது என்ற கலை

ஒரு வேடிக்கை கேளுங்கள். ‘பேக்-மேன்’ காசு இயந்திரத்தின் மூளை இசட்80 என்ற சில்லு. ஸ்பெக்ட்ரமின் மூளையும் அதே இசட்80 தான். வேகம் பார்த்தால் ஸ்பெக்ட்ரம் ஒரு படி மேல். இயந்திரத்தில் 3.07 மெகாஹெர்ட்ஸ், ஸ்பெக்ட்ரமில் 3.5. பிறகு வீட்டுப் பதிப்பு ஏன் திணறியது? காசு இயந்திரத்தில் படங்களை நகர்த்துவதற்கென்றே தனி மின்சுற்று உண்டு. ஆட்டத்தில் வரும் பேயை எங்கே வைக்க வேண்டும் என்று மூளை சொன்னால் போதும், வரைவது வேறு கை. ஸ்பெக்ட்ரமில் அந்தக் கை இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் மூளையே அழித்து, மூளையே வரைய வேண்டும்.

வண்ணத்திலும் சிக்கல். ஸ்பெக்ட்ரம் திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள். அவற்றை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள்தான் இருக்க முடியும். இப்படிச் செய்ததால் முழுத் திரையும் 6,912 பைட்டில் அடங்கியது. ஆனால் மஞ்சள் வீரன் பச்சை மரத்தருகே போனதும் மரம் மஞ்சளாகும், அல்லது வீரன் பச்சையாவான். சில நிரலாளர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். சிலர் ஆடுகளம் முழுவதையும் ஒரே நிறத்தில் வைத்துவிட்டு ஓட்டத்தில் கவனம் செலுத்தினார்கள். 1989-இல் வந்த ‘சேஸ் எச்.கியூ.’ கார் ஆட்டத்தின் ஸ்பெக்ட்ரம் பதிப்பு அப்படிப்பட்டது. வண்ணம் போனாலும் வேகம் நின்றது. அந்தக் கணினியின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அதை இன்றும் எண்ணுகிறார்கள்.

இந்த வேலையைச் செய்தவர்களுக்குப் பல நேரம் மூல ஆட்டத்தின் நிரல் கையில் கிடைக்காது. இயந்திரம் ஒன்றை அறையில் கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான். ஆடிப் பார்த்து, உற்றுக் கவனித்து, தாளில் குறித்துக்கொண்டு, பிறகு புதிதாக எழுத வேண்டும். ஐரெம் நிறுவனத்தின் ‘ஆர்-டைப்’ ஆட்டத்தை 1988-இல் ஸ்பெக்ட்ரமுக்குக் கொண்டுவந்தவர் பாப் பேப் என்ற நிரலாளர். அதற்காகப் பட்ட பாட்டைப் பின்னாளில் ஒரு புத்தகமாகவே எழுதினார். எந்தப் பகை எங்கிருந்து வருகிறது, எத்தனை அடியில் சாகிறது என்பதெல்லாம் கண்ணால் பார்த்து எழுதியவைதான்.

எல்லாம் நன்றாக வந்தன என்று சொல்ல மாட்டேன். அடாரி 2600 என்ற வீட்டுப் பெட்டிக்கு டாட் ஃபிரை எழுதிய ‘பேக்-மேன்’ 1982-இல் வந்தது. அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, வெறும் பைட். ஆட்டம் இருந்த சொருகும் அட்டையில் 4 கிலோபைட். நான்கு பேய்களையும் ஒரே சமயத்தில் வரைய வழியில்லாததால் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பேய்கள் மின்மினி போல விட்டுவிட்டு எரிந்தன. 70 இலட்சத்துக்கும் மேல் விற்றது, திட்டும் அதே அளவுக்கு வாங்கியது.

1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ ‘ஃபேமிகாம்’ என்ற வீட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடவே வந்தவை மூன்று ஆட்டங்கள்: ‘டான்கி காங்’, ‘டான்கி காங் ஜூனியர்’, ‘பாப்பாய்’. மூன்றும் காசு இயந்திரத்திலிருந்து வந்தவை. ‘டான்கி காங்’ மூலத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. வீட்டுப் பதிப்புக்கு இருந்த இடம் 24 கிலோபைட், அதனால் சிமெண்ட் சட்டிகள் பட்டையில் நகரும் இரண்டாம் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தைச் சேர்த்த பதிப்பை நின்டெண்டோ வெளியிட்டது 2010-இல். 27 ஆண்டுகள் கழித்து!

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் பகைவர் குறையக் குறைய மிச்சமிருப்பவர் வேகம் கூடும். கடைசி ஆள் பறப்பான். நிஷிகாடோ இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. திரையில் உருவங்கள் நிறைந்திருக்கும்போது சில்லு திணறியது, உருவங்கள் குறைந்ததும் சுறுசுறுப்பானது. ஆட்டத்துக்கு அது நன்றாகப் பொருந்தியதால் அப்படியே விட்டுவிட்டார். பின்னால் வேகமான கணினிகளுக்கு இதை மாற்றி எழுதியவர்கள் அந்தத் திணறலை வேண்டுமென்றே எழுத வேண்டியிருந்தது. மூலத்தின் குறையைக்கூடக் கவனமாகக் காப்பாற்ற வேண்டிய வேலை இது. எதை விடலாம், எதை விட்டால் உயிர் போய்விடும் என்று தெரிய வேண்டும்.

நம் நாட்டுக்கு வந்த வழி

இந்தியாவுக்கு இவை இரண்டு வழியாக வந்தன. முதல் வழி பள்ளிக்கூடமும் நகரத்து வீடும். 1984-இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் ‘பிபிசி மைக்ரோ’ கணினிகள் வந்தன. ஏகார்ன் நிறுவனம் செய்த கணினி அது, 32 கிலோபைட் நினைவகம் கொண்டது. அதே நிறுவனத்தின் கிளை அதற்கென்று வெளியிட்ட ஆட்டங்களைப் பாருங்கள். ‘ஆர்கேடியன்ஸ்’ என்பது கேலக்ஸியன், ‘ஹாப்பர்’ என்பது ஃபிராகர், ‘ஸ்னாப்பர்’ என்பது பேக்-மேன். எல்லாம் பெயர் மாற்றிய வேடங்கள். ‘ஸ்னாப்பர்’ முதலில் மூலத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது. வழக்கு வந்துவிடுமோ என்று மறுபதிப்பில் உருவங்களை மாற்றினார்கள். பேக்-மேனின் மஞ்சள் உருண்டைக்குக் குட்டைக் கால்களும் பச்சைத் தொப்பியும் முளைத்தன!

புனேயில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் ஸ்பெக்ட்ரமை ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் இங்கேயே செய்து விற்றது. நகரத்து நடுத்தர வீடுகள் சிலவற்றுக்கு அது போய்ச்சேர்ந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இந்த இரண்டு கணினிகளும் கோமுகி ஆற்றைத் தாண்டி வந்ததாக எனக்கு நினைவில்லை. தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு மூலையில் இருந்த நமக்குக் கணினி என்பது படத்தில் பார்க்கும் பொருள்.

நமக்கு வந்தது இரண்டாம் வழி. ஃபேமிகாம் பெட்டியின் உள்சுற்றை நகலெடுத்து, கிழக்காசியத் தொழிற்சாலைகள் இலட்சக்கணக்கில் செய்து தள்ளிய மலிவுப் பெட்டிகள் அவை. இந்தியாவில் ‘லிட்டில் மாஸ்டர்’, ‘மீடியா’ போன்ற பெயர்களில் விற்றார்கள். நாம் அதை ‘டிவி கேம்’ என்றோம். அதில் சொருகும் அட்டையைக் ‘கேசட்’ என்றோம். சொருகுமுன் வாயால் ஊத வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இதற்குள் ஓர் உறவு ஒளிந்திருக்கிறது. 1975-இல் அமெரிக்காவில் 25 டாலருக்கு ‘6502’ என்ற சில்லு வந்தது. மற்றச் சில்லுகளின் விலை 100 டாலருக்கு மேல் இருந்த காலம் அது. பள்ளிகளுக்கு நடுவண் அரசு வாங்கித் தந்த பிபிசி மைக்ரோவின் மூளை 6502. ஃபேமிகாமின் மூளை அந்த 6502-இன் வழிவந்தது. அந்தப் பள்ளி மாணவன் ஆசிரியர் கண்காணிப்பில் தொட்ட கணினியும், கள்ளக்குறிச்சி கடைவீதியில் தொங்கிய நீலநிறப் பிளாஸ்டிக் பொம்மையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம் கையில் இருந்ததும் கணினிதான். யாரும் நமக்கு அப்படிச் சொல்லவில்லை.

பிற்காலத்தில் விசைப்பலகையோடும் அந்தப் பெட்டி வந்தது. டிவியில் இணைத்து டைப்பிங் பழகலாம், கூட்டல் கழித்தல் போடலாம் என்று விற்றார்கள். 2008 வாக்கில் அமெரிக்கர் டெரெக் லோமஸ் உள்ளிட்ட சிலர் இந்தியச் சந்தைகளில் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு இது கிடைப்பதைப் பார்த்து வியந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான பாட விளையாட்டுகளை இதற்கென்றே எழுத ‘பிளேபவர்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். உலகம் மடிக்கணினியின் விலையைக் குறைக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அதைவிட மலிவான கணினி நம் பரணில் தூசி படிந்து கிடந்தது.

கடையும் வீடும் மலையும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். முதலில் இது வீட்டுக்கு வரவில்லை, கடைக்கு வந்தது. ஒரு டிவி, ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடி, சுவரில் ஒரு கடிகாரம், ரூபாய்க்கு இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு. காசு போட்டு ஆடிய ஆட்டத்தை ஜப்பானில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டுப் பெட்டியை நாம் மறுபடியும் காசுக் கடையாக்கினோம். ஆனால் கணக்கு தலைகீழ். ஆர்கேட் இயந்திரத்தில் திறமைசாலி ஒரு காசில் நெடுநேரம் நிற்பான், தெரியாதவன் உடனே வெளியேறுவான். நம் கடையில் நேரத்துக்குத்தான் காசு. எத்தனை முறை செத்தாலும் கவலையில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு நாலு பேர் பங்கு போட்டால், உயிர் போனவன் கைப்பிடியைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது செத்தால் அது பெரிய விஷயம்! ஜப்பானியக் கடைக்காரர் காசுக்காக வைத்த அந்தக் குட்டை ஆயுள், இங்கே வரிசையை நியாயமாக நகர்த்தும் விதியாக மாறியது.

‘டபுள் டிராகன்’ கதை தெரியுமா? 1987-இல் வந்த ஆர்கேட் ஆட்டம். அண்ணன் தம்பி இருவரும் தோளோடு தோள் நின்று அடிக்கும் கதை. மறு ஆண்டு வந்த ஃபேமிகாம் பதிப்பில் இருவரும் சேர்ந்து நிற்க முடியாது, மாறி மாறித்தான் ஆடலாம். ‘கான்ட்ரா’ என்ற ஆட்டத்தில் அந்தக் குறை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே சுடலாம். அதனால்தான் நம் ஊரில் அது ராஜாவாக இருந்தது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். பின்வரிசையில் சிலர் உதடு அசைவதைப் பார்க்கிறேன்! இந்த வரிசை பிறந்ததும் ஒரு வீட்டுப் பதிப்பில்தான். கோனாமியின் ‘கிரேடியஸ்’ ஆர்கேட் ஆட்டத்தை 1986-இல் ஃபேமிகாமுக்கு மாற்றியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. தன் வேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் ஆட்டம் அவருக்கே மிகக் கடினமாக இருந்தது. அதனால் தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். எழுதியவருக்கே கடினமாயிருந்ததை நாம் குறுக்குவழியில் வென்றதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தது எப்போது? அதற்கு ஓர் அரசு ஆணை காரணம். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அன்றைய தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின. அந்தத் திட்டத்தைப் பற்றி அரசியல் பேசியவர்கள் ஏராளம். அந்த டிவியில் ஒரு வாசல் திறந்ததைப் பேசியவர் குறைவு. டிவி இருந்தால் போதும், சந்தையில் சில நூறு ரூபாய்க்கு டிவி கேம் கிடைத்தது. ஒரு முக்கிய மாற்றம் நடந்தது. கடைக்குப் பெண் பிள்ளைகள் வருவது அரிது. வீட்டுக்கு வந்ததும் தங்கைக்கும் கைப்பிடி கிடைத்தது, சில வீடுகளில் அம்மாவுக்கும். மதியம் வேலை முடிந்து வாத்து சுடும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவை சில டஜன் ஆட்டங்கள், அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். டாங்க் கேம், சர்க்கஸ் கேம், கார் கேம், பறவைக் கூட்டத்தைச் சுடும் கேம். இவற்றில் பல 1979-க்கும் 1985-க்கும் இடையே பிறந்த ஆர்கேட் ஆட்டங்களின் வீட்டுப் பதிப்புகளோ, அவற்றின் வாரிசுகளோதான். 2008-இல் கருணாபுரத்துப் பிள்ளை கால் நூற்றாண்டு பழைய ஆட்டத்தை ஏன் ஆடினாள்? பழைய ஆட்டங்கள் சிறியவை. 24 கிலோபைட், 40 கிலோபைட். ஒரு பெரிய ஆட்டத்துக்கான இடத்தில் நாலைந்தை அடைக்கலாம். கூடுதல் சில்லு எதுவும் வேண்டாம். விலை குறைக்க நினைத்த தொழிற்சாலை, தெரிந்தோ தெரியாமலோ, ஆர்கேட் பொற்காலத்தின் தொகைநூலை நமக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூல ஆசிரியர்களுக்கு ஒரு பைசா போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் இன்பம் திருட்டுப் பதிப்பில் வந்த இன்பம்.

கல்வராயன் மலைப் பக்கம் இன்னும் சிறிய பதிப்பு போனது. மின்சாரம் தாமதமாகவும் தயங்கியும் போன ஊர்களுக்கு டிவி கேம் எதற்கு? வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் பேட்டரி போட்ட ‘பிரிக் கேம்’ இருந்தது. அதன் திரையில் குறுக்கே 10, நெடுக்கே 20, ஆக 200 கட்டங்கள். நிறம் கிடையாது. அந்த 200 கட்டங்களுக்குள் கார் ஓடியது, டாங்க் சுட்டது, தவளை சாலையைக் கடந்தது, பந்து செங்கலை உடைத்தது. 1976-இல் அடாரி காசு இயந்திரமாக விட்ட ‘பிரேக்-அவுட்’தான் அந்தக் கடைசி ஆட்டம். ஸ்பெக்ட்ரமின் 49,152 புள்ளிகளையே குறை என்று எழுதியவர்கள் இந்த 200 கட்டத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

2012 வாக்கில் மின்வெட்டு நாளில் பாதியைத் தின்றது நினைவிருக்கும். அப்போதும் இந்த ஆட்டங்கள் தாக்குப்பிடித்தன. சேமித்துவைக்கும் வசதி அவற்றில் கிடையாது, தேவையும் இல்லை. மூன்று நிமிடத்தில் முடியும் ஆட்டத்துக்குக் கரண்ட் போனால் என்ன, வந்தால் என்ன?

மூலத்தைப் பார்க்காதவர்களின் ஏக்கம்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பழைய வீட்டுப் பதிப்புகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர் நிறைய. இதற்கென்றே பத்திரிகைகள் நடக்கின்றன, அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அவர்கள் ஏக்கத்தில் ஓர் ஒப்பீடு எப்போதும் ஓடும். கடற்கரைக் கேளிக்கைக் கூடத்தில் மூல ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள். பிறந்தநாளுக்கு வீட்டுப் பதிப்பு வரும், ஏற்றினால் ஏமாற்றம். பின்னால் அந்த ஏமாற்றத்தின் மீதே பாசம் பிறக்கும். ‘எவ்வளவு மோசமாக இருந்தது, ஆனாலும் எப்படி நேசித்தோம்’ என்பதுதான் அவர்கள் பல்லவி.

நம் ஏக்கத்துக்கு அந்தப் பல்லவி பொருந்தாது. நாம் மூலத்தைப் பார்த்ததில்லை. சென்னையில் சில பார்லர்கள் இருந்திருக்கலாம், கள்ளக்குறிச்சிக்கு அந்த பீரோ வரவேயில்லை. ‘டான்கி காங்’கில் ஒரு கட்டம் குறைகிறது என்று நமக்குத் தெரியாது. நமக்கு அது மூன்று கட்ட ஆட்டம், முழுமையான ஆட்டம். மூலத்தைப் பார்த்தது பின்னால்தான். 1997-இல் நிக்கோலா சால்மொரியா ‘மேம்’ என்ற மென்பொருளைத் தொடங்கினார். காசு இயந்திரங்களைக் கணினிக்குள் அப்படியே நடிக்கவைப்பது அது. 2011 முதல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது, அதில் இதை ஏற்றிப் பார்த்த பிள்ளைகள் உண்டு. பார்த்ததும் பலருக்கு வந்த முதல் எண்ணம்: ‘இது என்ன, நம்ம கேம் மாதிரியே இருக்கு, ஆனா சரியா இல்லையே!’ மூலம் அவர்களுக்கு நகலாகத் தெரிந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. நம் இலக்கணக்காரர்கள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தார்கள். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று வழிநூலுக்கு வகையும் வைத்தார்கள். முதல்நூலின் முடிவை ஒப்புக்கொண்டு, பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் செய்துகொள்ளலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது. வழிநூலைக் குறைப்பட்ட முதல்நூல் என்று அவர்கள் சொல்லவில்லை. கம்பனை வால்மீகியோடு வரிக்கு வரி ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது அறிஞர் வேலையாக இருக்கலாம், கம்பனைக் கேட்டு மகிழ அது தேவையில்லை.

நம் பக்கத்துத் தெருக்கூத்து இதை இன்னும் எளிதாகக் காட்டும். திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கிறது. கயிலை மலைக்குப் பதில் நட்டுவைத்த உயர்ந்த மரம் ஒன்று. வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஏறுகிறார். ‘மலை எங்கே, பனி எங்கே’ என்று கீழே நிற்கும் எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. மலையில் எது இன்றியமையாததோ அதைக் கூத்தர் எடுத்துக்கொண்டார்: உயரம், தனிமை, விழுந்தால் சாவு. மற்றதை விட்டுவிட்டார். 24 கிலோபைட்டில் ‘டான்கி காங்’ எழுதியவர் செய்ததும் இதே வேலை. ஏணி இருக்க வேண்டும், உருளும் பீப்பாய் இருக்க வேண்டும், தாண்டும்போது நெஞ்சு அடிக்க வேண்டும். சிமெண்ட் சட்டி போகட்டும்.

மூலத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறவர் கண்ணுக்கு விட்டுப்போனது மட்டும் தெரிகிறது. ஒப்பிட எதுவும் இல்லாத நமக்கு நின்றது தெரிந்தது. இந்த ஆட்டங்களை அவற்றின் சொந்தக் காலில் நிறுத்திப் பார்த்த ரசிகர்கள் யாரென்றால், மூலம் எட்டாத ஊர்களின் பிள்ளைகள்தான். அதனால் ‘நாங்கள் ஆடியது டூப்ளிகேட்’ என்று கூச்சப்பட வேண்டாம். பெட்டி டூப்ளிகேட்டாக இருக்கலாம், ஆடியது டூப்ளிகேட் இல்லை.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இப்படிப் பேசிப்பேசி ‘பற்றாக்குறையே அழகு, அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றுமில்லாமலே மகிழ்ச்சியாக இருந்தார்கள்’ என்ற இடத்துக்கு வந்துவிடுவோம். ஏக்கம் எப்போதும் இந்தப் பள்ளத்தில்தான் வண்டியைக் கவிழ்க்கும். பற்றாக்குறைக்குள் நல்ல வேலை செய்தவரைப் போற்றலாம், பற்றாக்குறையைப் போற்றக் கூடாது. 128 பைட் பெட்டியில் மோசமான ஆட்டங்களும் நூற்றுக்கணக்கில் வந்தன. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அவசரமாகக் கொட்டிய குப்பைகள் ஏராளம். 200 கட்டத் திரையில் ஆடிய மலைப் பிள்ளைக்குக் கற்பனை வளர்ந்தது உண்மைதான். அவளுக்கு நல்ல பள்ளியும் கணினியும் கிடைத்திருந்தால் அந்தக் கற்பனை எங்கே போயிருக்கும் என்றும் கேட்க வேண்டும். கருணாபுரத்தில் நின்றுகொண்டு இல்லாமையைப் புகழ்ந்து பேச என் நாக்கு எழாது.

ஸ்பெக்ட்ரமில் ஆடிய பிரிட்டிஷ் பிள்ளைகளில் பலர் அதே ரப்பர் விசைகளில் நிரல் எழுதப் பழகி, பின்னாளில் ஆட்டங்களைச் செய்கிறவர்களாக வளர்ந்தார்கள். பெட்டியை இயக்கினால் நிரல் எழுதும் திரைதான் முதலில் வரும். நம் பெட்டியை இயக்கினால் ஆட்டங்களின் பட்டியல் வந்தது. கணினியை நமக்குக் கொடுத்தவர்கள் எழுதும் கதவை அடைத்துவிட்டு ஆடும் கதவை மட்டும் திறந்தார்கள். நம் ஏக்கத்துக்குள் இருக்கும் உண்மையான இழப்பு இதுதான். கட்டம் குறைந்தது இழப்பு இல்லை.

ஆனால் அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. 6502 சில்லுக்கு நிரல் எழுதும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகம் முழுவதும் ஆட்கள் ஃபேமிகாமுக்கும் ஸ்பெக்ட்ரமுக்கும் இன்றும் புதிய ஆட்டங்கள் எழுதுகிறார்கள். பின்வரிசைத் தம்பி தங்கைகளே, கபடியையோ பல்லாங்குழியையோ 24 கிலோபைட்டுக்குள் அடைக்க முடியுமா என்று பாருங்கள். கபடியில் எதை விட்டால் அது கபடியாக இருக்காது? பாட்டா, மூச்சா, நடுக்கோடா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே ஒரு படிப்பு. அப்போது முதல்நூல் உங்கள் கையில் இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பரணில் கிடக்கும் டிவி கேம், பிரிக் கேம், கேசட் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். எந்தச் சந்தையில் என்ன விலைக்கு வாங்கினீர்கள், அந்த ஆட்டத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், யார் நன்றாக ஆடுவார்கள் என்று சொல்லுங்கள், ஒரு நோட்டில் எழுதிவைப்போம். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததே 2019-இல். அதன் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். அடாப்டர் தொலைந்துபோயிருந்தால் கவலை வேண்டாம், ஒன்று என்னிடம் இருக்கிறது. கைப்பிடி மட்டும் இரண்டாகக் கொண்டுவாருங்கள். எனக்கு ஒன்று வேண்டும்.